தொழிலாளர் பேச்சை நூலேற்றியவர்: ஜான் ஸ்டைன்பெக்



"வீட்டுல பேசுற மாதிரியே எழுதலாமா, சார்?" ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கட்டுரை ஏட்டை நீட்டியபடி நம்மிடம் கேட்ட கேள்வி இது. பாட்டி தனக்குச் சொன்ன பழங்கதை ஒன்றை அவள் எழுதி வந்திருந்தாள். பாட்டியின் வாய்ச்சொல் அப்படியே தாளில் இறங்கியிருந்தது. நாமோ சிவப்பு மையை எடுத்து வரிக்கு வரி திருத்தி, நல்ல ஏட்டுத் தமிழாக்கிக் கொடுத்தோம். அவள் அதை ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். "இது பாட்டி பேசுன மாதிரி இல்லையே, சார்" என்றாள்.

தேர்வுக்கு அப்படித்தான் எழுதவேண்டும் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டோம். சொன்னது பொய்யன்று, ஆனால் அது முழு விடையுமன்று. உழைக்கும் மக்களின் பேச்சு நூலில் இடம்பெறத் தக்கதா என்னும் அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்த ஓர் எழுத்தாளர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் ஜான் ஸ்டைன்பெக். அவரது வாழ்வையும் எழுத்து நடையையும் பற்றியே இன்று பேசவிருக்கிறோம்.

ஸ்டைன்பெக் 1902-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்துச் சலினாஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மாவு ஆலையொன்றில் நிர்வாகியாக இருந்தவர். பின்னாளில் மாவட்டப் பொருளாளர் ஆனார். தாயார் ஆலிவ், திருமணத்திற்கு முன் பள்ளி ஆசிரியை. மூன்று சகோதரிகளோடு பிறந்த ஒரே ஆண்பிள்ளை இவர். வீட்டில் வறுமை இல்லை. நூல்கள் நிறைய இருந்தன. ஒன்பதாவது வயதில் சிற்றன்னை ஒருவர் பரிசாகத் தந்த ஆர்தர் மன்னன் கதைநூல் அவரைச் சொல்லின்மீது காதல் கொள்ளச் செய்தது.

ஆனால் அவர் பயின்ற மற்றொரு பள்ளி ஊரைச் சுற்றி விரிந்து கிடந்த வயல்கள். சர்க்கரைக் கிழங்கு நிலங்களில் விடுமுறைதோறும் கூலி வேலை செய்தார். ஊர் ஊராகச் சென்று அறுவடை வேலை செய்யும் நாடோடித் தொழிலாளர்களோடு உண்டு, உறங்கி, அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டார். 1919-இல் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், விட்டுவிட்டுப் பயின்று, 1925-இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். நியூயார்க் நகரில் கட்டட வேலையில் சிமெண்டு சுமந்தார். அங்கும் நிலைக்காமல் ஊர் திரும்பினார். முதல் நாவல் 1929-இல் வெளிவந்தது, விற்கவில்லை. 1930-இல் கெரல் என்னும் பெண்மணியை மணந்து, தந்தையாருக்குச் சொந்தமான கடற்கரைச் சிறுவீட்டில் குடியேறினார். மாதந்தோறும் தந்தை தந்த 25 அமெரிக்க வெள்ளியும், கடலில் பிடித்த மீனுமே குடும்பத்தைக் காத்தன. 1935-இல் வந்த நாவல்தான் அவருக்கு முதன்முதலாகப் பெயரும் பணமும் தேடித் தந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

அந்தக் காலத்து அமெரிக்கா எப்படி இருந்தது என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். பார்த்தால்தான் அவர் எழுதியதன் பொருள் விளங்கும்.

1929-இல் பங்குச் சந்தை வீழ்ந்தது. வங்கிகள் முறிந்தன. கோடிக்கணக்கானோர் வேலையிழந்தனர். அதே வேளையில் நாட்டின் நடுப்பகுதியில் இயற்கையும் சினந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் கோதுமைக்கு நல்ல விலை கிடைத்ததால், புல்வெளிகளையெல்லாம் உழுது கோதுமை விதைத்திருந்தார்கள். மண்ணைப் பிடித்துவைத்திருந்தது அந்தப் புல்லின் வேர்தான். 1930-களில் மழை பொய்த்தது. பிடிப்பில்லாத மண் காற்றோடு கிளம்பியது. 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எழுந்த புழுதிப் புயல் பட்டப்பகலை நள்ளிரவாக்கியது. அந்நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றும் சொல்வார்கள்.

புழுதி மட்டுமே மக்களை விரட்டவில்லை. ஒக்லகோமா போன்ற மாநிலங்களில் ஏராளமானோர் சொந்த நிலமில்லாத குத்தகைக் குடியானவர்கள். பருத்தி விலை சரிந்ததால், விளைச்சலைக் குறைக்கும் நிலவுடைமையாளருக்கு அரசாங்கம் 1933 முதல் பணம் கொடுத்தது. உடைமையாளர்கள் பலர் பணத்தைப் பெற்றுக்கொண்டு குத்தகைக்காரரை வெளியேற்றினர், டிராக்டர் வாங்கினர். பத்துக் குடும்பங்கள் உழுத நிலத்தை ஒரு டிராக்டர் உழுதது. வீடிழந்த மக்கள் பழைய கார்களிலும் லாரிகளிலும் பாயும் பானையும் ஏற்றிக்கொண்டு, 66-ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக மேற்கே புறப்பட்டனர். கலிபோர்னியாவில் பழம் பறிக்க ஆள் வேண்டும் என்று அச்சிட்ட துண்டுத்தாள்கள் அவர்களை அழைத்தன. அந்தப் பத்தாண்டில் அங்கே சென்று சேர்ந்தவர்கள் 2 இலட்சம் பேருக்கும் மேல் என்பர்.

போய்ச் சேர்ந்த இடத்தில் நிகழ்ந்தது யாது? ஓர் ஆள் செய்யும் வேலைக்குப் பலர் போட்டியிட்டனர், கூலி சரிந்தது. வாய்க்கால் ஓரங்களில் சாக்கும் தகரமும் கொண்டு குடிசை போட்டார்கள். உள்ளூரார் அவர்களை 'ஓக்கி' என்று இழித்துரைத்தனர். ஒக்லகோமாவிலிருந்து வந்தவர் என்பதற்கான அந்தச் சுருக்கப் பெயர் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

1936-இல் சான் பிரான்சிஸ்கோ செய்தித்தாள் ஒன்று, இம்மக்களின் நிலையை நேரில் கண்டு எழுதுமாறு ஸ்டைன்பெக்கைக் கேட்டுக்கொண்டது. பழைய ரொட்டி வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு அவர் புறப்பட்டார். அர்வின் என்னும் ஊருக்கருகே, அரசாங்கம் அமைத்திருந்த முகாமின் மேலாளர் டாம் காலின்ஸ் அவருக்கு வழிகாட்டினார். தொழிலாளர்கள் பேசும் முறை, பாடும் பாட்டு, உண்ணும் உணவு, அவர்களின் குறைகள் அனைத்தையும் நாள்தோறும் அறிக்கையாக எழுதி வைத்திருந்தவர் காலின்ஸ். அவற்றை ஸ்டைன்பெக் கருத்தூன்றிப் படித்தார். 1936 அக்டோபரில் அவருடைய ஏழு கட்டுரைகள் வெளிவந்தன. 1938-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வைசாலியா என்னும் பகுதியில் வெள்ளம் புகுந்து தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியில் தவித்தபோதும், அவர் காலின்ஸோடு சேற்றில் இறங்கி உதவப் போனார்.

கண்டதெல்லாம் அவர் நெஞ்சைச் சுட்டது. சலினாஸில் கீரைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 1936-இல் வன்முறையால் ஒடுக்கப்பட்டிருந்தது. அதற்குக் காரணமானவர்களை எள்ளி நகையாடி ஒரு முழு நூலை எழுதினார். 1938 மே மாதம் எழுதி முடித்தார். முடித்தபின் செய்தது என்ன தெரியுமா? அதை அழித்துவிட்டார்! மனிதர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளச் செய்வதே தம் எழுத்தின் வேலை என்றும், இந்நூலோ வெறுப்பை வளர்ப்பதற்காகவே எழுதப்பட்டது என்றும் அவர் கடிதம் எழுதினார். பல மாத உழைப்பைத் தம் கையாலேயே அழிக்க எவ்வளவு துணிவு வேண்டும்!

கோபம் போய்விடவில்லை. அந்தக் கோபத்தைப் பொறுமையோடு சேர்த்து, அதே மே மாத இறுதியில் மீண்டும் எழுத உட்கார்ந்தார். நாளுக்கு ஏறத்தாழ 2,000 சொற்கள். பொடி எழுத்தில் அவர் எழுத, மனைவி கெரல் தட்டச்சு செய்தார். கூடவே ஒரு நாட்குறிப்பும் எழுதிவந்தார். தமக்குத் திறமை போதவில்லை என்ற அச்சம் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனாலும் அக்டோபர் இறுதிக்குள் நூல் முடிந்தது. அதற்குத் தலைப்பிட்டவரும் கெரல்தான். 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்பது அதன் பெயர். 'சினத்தின் திராட்சைக் கனிகள்' என்று நாம் சொல்லலாம். தம்மை எழுதத் தூண்டிய கெரலுக்கும், அந்த வாழ்க்கையை வாழ்ந்து காட்டிய டாம் காலின்ஸுக்கும் நூலைக் காணிக்கையாக்கினார். கறுப்பு ஞாயிறுக்குச் சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1939 ஏப்ரல் 14-ஆம் நாள், நூல் வெளிவந்தது.

ஜோட் என்னும் குத்தகைக் குடும்பத்தின் கதை இது. தாத்தா பாட்டி முதல் சிறு பிள்ளைகள் வரை பன்னிரண்டு பேர். உடன் வருபவர் கேசி என்னும் முன்னாள் சமயப் போதகர். பதின்மூன்று பேரும் ஒரே லாரியில் ஏறுகிறார்கள். தாத்தா வழியிலேயே இறந்துபோகிறார். பாலைவனத்தைக் கடக்கும் இரவில் பாட்டியும் இறக்கிறாள். வண்டி நின்றுவிடக் கூடாதே என்று, அதை யாரிடமும் சொல்லாமல், பிணத்தின் அருகே இரவெல்லாம் படுத்து வருகிறாள் குடும்பத்தலைவியான அம்மா. இந்த அம்மாதான் நூலின் தூண். வீடு, நிலம், உறவு ஒவ்வொன்றாய்க் கழன்றுபோகும் போதெல்லாம் அடுத்த வேளை உலை வைப்பவள் அவள்.

இனி அவருடைய நடைக்கு வருவோம். அதில் மூன்று கூறுகளை நாம் காண்கிறோம்.

முதலாவது, பேச்சு. இந்நூலின் மாந்தர்கள் ஒக்லகோமாக் குடியானவர் பேசியபடியே பேசுகிறார்கள். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குவார்கள், இலக்கணம் வழுவும். ஸ்டைன்பெக் அதைத் திருத்தவில்லை. சிரிப்பு மூட்டவும் பயன்படுத்தவில்லை. அவர்களின் ஆழ்ந்த எண்ணங்களையே அந்தப் பேச்சில் வைத்தார். அம்மா தன் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போதும், கேசி மனித ஆன்மாவைப் பற்றிப் பேசும்போதும் அதே மொழிதான். ஏழையின் பேச்சில் ஏழையின் துன்பத்தை மட்டுமல்லாமல் அவனுடைய அறிவையும் எழுத முடியும் என்று காட்டினார். இதுவே அவர் செய்த பெரிய காரியம்.

இரண்டாவது, கட்டமைப்பு. நூலில் முப்பது அத்தியாயங்கள். அவற்றுள் பதினான்கு ஜோட் குடும்பத்தின் கதை. மீதிப் பதினாறில் அவர்கள் வருவதில்லை. பழைய கார் விற்கும் கடை, நெடுஞ்சாலை, வங்கி, மழை என்று நாடு முழுவதையும் அவை காட்டுகின்றன. ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நம் கண், அடுத்த பக்கத்தில் ஓர் இலட்சம் வீடுகளைப் பார்க்கிறது. இந்தக் குடும்பத்தின் துயர் இவர்கள் செய்த தவற்றால் வந்ததன்று என்பது வாதமின்றியே விளங்கிவிடுகிறது.

ஓர் அத்தியாயத்தில் குடியானவன் வீட்டை இடிக்க டிராக்டர் வருகிறது. ஓட்டி வருபவன் யாரோ அயலான் அல்லன். தெரிந்த குடும்பத்துப் பிள்ளைதான். நாளுக்கு 3 வெள்ளி கூலி. அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. யாரைச் சுடுவது என்று கேட்கிறான் வீட்டுக்காரன். ஓட்டுநனுக்கு மேல் வங்கி மேலாளர். அவருக்கும் மேல் கிழக்கே யாரோ. முடிவில் சுடுவதற்கு ஒரு மனிதன் கிடைக்கவில்லை. பொருளாதாரப் பாடநூல் பல பக்கங்களில் சொல்வதை ஓர் உரையாடலில் சொல்லிவிடுகிறார்.

மூன்றாவது, கண்டதைச் சொல்லிவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்பது. பீச் பழத் தோட்டத்தில் குடும்பமே சேர்ந்து பழம் பறிக்கிறது. பெட்டிக்கு 5 காசு. ஒரு வெள்ளிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு அம்மா தோட்டத்துக் கடைக்குப் போகிறாள். அங்கே எல்லாம் வெளிக்கடையைவிட விலை அதிகம். இறைச்சி, ரொட்டி, உருளைக்கிழங்கு, காப்பித்தூள் வாங்கியதில் வெள்ளி தீர்ந்துவிட்டது. காப்பிக்குச் சர்க்கரை இல்லை. பத்துக் காசுக்குச் சர்க்கரை கடன் கேட்கிறாள். கடன் கொடுக்கக் கடைக்காரனுக்கு அதிகாரமில்லை. கொடுத்தால் வேலை போய்விடும். அவன் சற்றுத் தயங்குகிறான். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து பத்துக் காசை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டுச் சர்க்கரையைத் தருகிறான். அவ்வளவுதான் காட்சி. 'இரக்கம்' என்ற சொல்லை ஆசிரியர் நம்மிடம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பருத்திக் காட்டையும் இப்படியே காட்டுகிறார். 100 ராத்தல் பறித்தால் 80 காசு. பறிப்பதற்குப் பை இல்லையென்றால் ஒரு வெள்ளிக்கு அவர்களே தருவார்கள், முதற்கூலியில் பிடித்துக்கொள்வார்கள். நிறுவைக்காரன் தராசில் கள்ளம் செய்கிறான் என்று பறிப்பவர்கள் ஐயுறுகிறார்கள். பையில் கல் போடுகிறார்கள் என்று அவன் ஐயுறுகிறான். இரண்டும் நடப்பதுண்டு என்று ஸ்டைன்பெக் ஒளிக்காமல் எழுதுகிறார். பால் நிறுவைக்கு வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் பக்கங்களை நாம் விளக்க வேண்டியதில்லை.

நூலின் முடிவும் அப்படிப்பட்டதே. குழந்தையைப் பறிகொடுத்த இளம்பெண், பட்டினியால் சாகக் கிடக்கும் முன்பின் அறியாத ஒரு மனிதனுக்குத் தன் தாய்ப்பாலைத் தருகிறாள். இந்த முடிவை மாற்றுமாறு பதிப்பாளர் கேட்டார். ஸ்டைன்பெக் இணங்கவில்லை.

நூல் ஓராண்டுக்குள் 4 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. 1940-இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதே ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது. எதிர்ப்பும் அதே அளவுக்குக் கிளம்பியது. பொய் நூல், ஆபாச நூல் என்று பெருநிலக்காரர் சங்கத்தார் முழங்கினர். கதையின் ஒரு பகுதி நிகழும் கெர்ன் மாவட்டத்தில், 1939 ஆகஸ்டில், நூலகங்களிலும் பள்ளிகளிலும் அதற்குத் தடை விதிக்கப்பட்டது. மாவட்டத் தலைமை நூலகர் கிரெச்சன் நீஃப் என்னும் பெண்மணி, தடையை எதிர்த்து மேலிடத்துக்கே கடிதம் எழுதினார். நூலைத் தடுப்பதால் எண்ணத்தைத் தடுத்துவிட முடியாது என்பது அவர் வாதம். 1941-இல் தடை நீங்கியது. அதற்கு முன்பே, 1940-இல், அதிபர் ரூஸ்வெல்ட்டின் துணைவியார் எலினார் முகாம்களை நேரில் பார்த்துவிட்டு, நூலில் மிகையில்லை என்று கூறினார்.

ஆயினும் குறைகளையும் சொல்வதே நேர்மை. கலிபோர்னிய வயல்களில் நெடுங்காலம் முதுகொடித்தவர்கள் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், சப்பான், சீனா முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள். செய்தித்தாள் கட்டுரைகளில் அவர்களைப் பற்றி எழுதிய ஸ்டைன்பெக், நாவலில் அவர்களுக்கு ஏறக்குறைய இடமே தரவில்லை. மேலும், அதே முகாம்களில் பணியாற்றிய சனோரா பாப் என்னும் பெண் எழுத்தாளரும் அம்மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். ஸ்டைன்பெக்கின் நூல் முந்திக்கொண்டதால் அவருடைய பதிப்பாளர் அதை வெளியிடாமல் விட்டுவிட்டார். அது அச்சேறியது 2004-இல்தான். ஒரு குரல் ஓங்கி ஒலிக்கும்போது, ஒலிக்காமற்போன குரல்களையும் நாம் நினைக்கவேண்டும். நாவல் ஒன்று சட்டத்தை உடனே மாற்றிவிடுவதுமில்லை. தொழிற்சங்க உரிமை தந்த 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வயல் தொழிலாளரை விலக்கி வைத்திருந்தது. கலிபோர்னியாவில் அவர்களுக்கென்று தனிச்சட்டம் வர 1975 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆசிரியர் என்ற முறையில் ஒரு செய்தியை மட்டும் சொல்லாமல் விட நம் மனம் ஒப்பவில்லை. அதே கெர்ன் மாவட்டத்துப் பள்ளிகளில் முகாம் பிள்ளைகள் 'ஓக்கி' என்று ஏளனம் செய்யப்பட்டு ஒதுக்கப்பட்டார்கள். மாவட்டக் கல்வித் தலைவர் லியோ ஹார்ட், 1940-இல், முகாமுக்கருகே அவர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தங்கள் கையாலேயே அதைக் கட்டினார்கள்; நீச்சற்குளம்கூட வெட்டினார்கள். ஏளனம் செய்த ஊராரின் பிள்ளைகளும் பின்னர் அந்தப் பள்ளிக்கு வர ஆசைப்பட்டார்களாம்.

ஸ்டைன்பெக் அதன் பிறகும் பல நூல்கள் எழுதினார். 1947-இல் வந்த 'முத்து' என்னும் சிறு நாவலைப் பெரிய வகுப்பு மாணவர்கள் தேடிப் படிக்கலாம். ஏழை மீனவன் ஒருவனின் கதை அது. 1962-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1968 டிசம்பர் 20-ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். அவரது அஸ்தி சலினாஸில் அடக்கம் செய்யப்பட்டது. ஒரு காலத்தில் அவரை வெறுத்த அவ்வூரில் இன்று அவர் பெயரால் நூலகமும் நினைவகமும் உள்ளன.

நேயர்களே, ஏட்டுத் தமிழ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தேர்வுக்கும் கடிதத்திற்கும் அது வேண்டும். பிள்ளைகள் அதைச் செம்மையாகக் கற்கவே வேண்டும். ஸ்டைன்பெக்கும் நல்ல ஆங்கிலத்தை நன்றாகக் கற்றவர்தாம். ஆனால் பிறர் பேச வந்தபோது அவர் தம் பேனாவை அடக்கிக்கொண்டு, அவர்களைப் பேசவிட்டார்.

அந்த மாணவியிடம் மறுவாரம் நாம் ஒரு புதிய ஏட்டைக் கொடுத்தோம். "இதில் பாட்டி பேசுவதைப் பேசுகிறபடியே எழுதி வா, நான் திருத்தமாட்டேன்" என்றோம். எழுதி வந்தாள். காடு அழித்ததும், கங்காணியிடம் பட்ட கடனும், பேறுகாலத்தில் மழையில் ஆற்றைக் கடந்ததும் அதில் இருந்தன. உங்கள் வீட்டிலும் அப்படிப் பேசக்கூடிய ஒருவர் இருப்பார். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் அவரைப் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதிக்கொள்ளட்டும்.